பொதுப் பணத்துக்குப் பொறுப்பு யாருடையது?

பல்லாவரம் முதல் வண்டலூர் வரையிலான ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் பயணம் செய்யும் நம்மில் எத்தனை பேருக்குத் திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி என்னும் டி.டி.கே.யின் நினைவு வரும் எனத் தெரியவில்லை. நகரத்துக்குள் மௌபரீஸ் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பல்லாவரத்தில் பழைய டிரங்க் சாலையில் அவர் தோற்றுவித்த வணிகக் குழுமத்தின் ஆலை இருக்கிறது. தாம்பரத்தில் அவர் பயின்ற கல்லூரி இருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் அவர் காலத்துத் தொழிற்கொள்கையின் நிழலில் வளர்ந்து, பின்னர் மறைந்துபோன கார் தொழிற்சாலையின் நினைவு இன்னும் முதியவர்களிடம் இருக்கிறது.

தாம்பரத்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில், இந்த ஊர்களை நினைக்கும்போதெல்லாம் அவருடைய வாழ்க்கை எனக்குள் ஒரு கேள்வியை எழுப்புகிறது. மக்களின் பணத்தை எங்கே செலவிடுவது, எதில் முதலீடு செய்வது, யாரிடம் எவ்வளவு வரி பெறுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது பொருளாதார அறிவா, அரசியலா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்கு டி.டி.கே.யின் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

1899-ஆம் ஆண்டு நவம்பர் 26-இல் சென்னையில் பிறந்தவர் அவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது அக்கல்லூரி உயர்நீதிமன்றத்தின் எதிரே, ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் சேலையூர்க் காட்டையொட்டிய தாம்பரம் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், இரண்டாவது நிதியமைச்சர் ஜான் மத்தாய், நான்காவது நிதியமைச்சர் டி.டி.கே. ஆகிய மூவரும் அதே கல்லூரியின் மாணவர்கள். இது தாம்பரத்துக்குப் பெருமை தரும் செய்தி.

ஆனால், மூவருமே பதவிக்காலம் முடியும் முன்னரே விலக நேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948-இல் சண்முகம் செட்டியார் விலகினார். திட்டக் குழுவின் அதிகாரம் குறித்த கருத்து வேறுபாட்டால் 1950-இல் ஜான் மத்தாய் வெளியேறினார். இடையில் பொறுப்பேற்ற சி.டி. தேஷ்முக்கும், பம்பாய் நகரின் எதிர்காலம் தொடர்பான பிரச்னையில் 1956-இல் பதவி துறந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் நால்வரில் ஒருவர்கூட அரசியலின் அலையிலிருந்து தப்பவில்லை.

டி.டி.கே. அரசியலுக்கு வணிகத்தின் வழியாக வந்தவர். 1928-இல் அவர் தொடங்கிய நிறுவனம், நுகர்பொருள்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் தொழிலில் சிறந்து விளங்கியது. எந்தப் பொருள் எந்த ஊரில் விற்கும், எந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதைப் பட்டறிவால் கற்றவர். 1937-இல் சென்னை சட்டப்பேரவைக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். பின்னர் காங்கிரஸில் சேர்ந்தார். 1942-இல் மத்திய சட்டப்பேரவைக்கும், அதன் பிறகு அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் காலியான ஓர் இடத்தில் நியமிக்கப்பட்ட அவர், அந்தக் குழுவின் பெரும் சுமையை டாக்டர் அம்பேத்கரே தனியாகத் தாங்க நேர்ந்தது என்பதை 1948 நவம்பரில் அவையில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். உடனிருப்பவரின் உழைப்பைப் பதிவு செய்யத் தயங்காத அந்தக் குணம் குறிப்பிடத்தக்கது.

1952-இல் அவர் மத்திய வர்த்தக, தொழில் அமைச்சரானார். அவர் பொறுப்பில் இருந்தபோது எடுக்கப்பட்ட முடிவுகளுள் ஒன்று நம் புறநகரின் முகத்தையே மாற்றியது. பாகங்களை இறக்குமதி செய்து கார்களைப் பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே இங்கே தொடரலாம் என்ற காப்புவரி ஆணையத்தின் 1953-ஆம் ஆண்டுப் பரிந்துரையை அரசு ஏற்றது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. உற்பத்திக்கு முன்வந்த ஒருசில நிறுவனங்களுள் வண்டலூரில் ஆலை அமைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டாரும் ஒன்று. ஹெரால்டு கார்கள் அங்கிருந்துதான் நாடெங்கும் சென்றன. எத்தனையோ குடும்பங்கள் அந்த ஆலையின் ஊதியத்தில் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் மனை வாங்கி வீடு கட்டின.

ஆனால், போட்டியற்ற சந்தையில் கார் வாங்க விரும்பியவர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பு நீடித்ததால் தரம் தேங்கியது. 1980-களின் இறுதியில் ஸ்டாண்டர்டு காரின் உற்பத்தி நின்றுபோனது. 1950-களில் வெளியேறிய ஃபோர்டு, தாராளமயமாக்கலுக்குப் பின் மறைமலைநகருக்கு வந்து, 2022-இல் மீண்டும் உற்பத்தியை நிறுத்தியது. ஓர் ஆலை திறப்பதற்கும் மூடுவதற்கும் பின்னால் சந்தை மட்டுமல்ல, அரசின் முடிவும் இருக்கிறது என்பதை இந்தச் சாலையோர ஊர்கள் இருமுறை கண்டுவிட்டன.

1956 ஆகஸ்டு இறுதியில் டி.டி.கே. நிதியமைச்சரானார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த காலம் அது. அந்நியச் செலாவணி கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. திட்டத்துக்குப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டார் அளித்த பரிந்துரைகளின் வழியில், மூலதன ஆதாய வரியை மீண்டும் கொண்டுவந்தார். 1957-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சொத்து வரியையும் செலவு வரியையும் அறிமுகப்படுத்தினார். ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதோடு, எவ்வளவு வைத்திருக்கிறார், எவ்வளவு செலவழிக்கிறார் என்பதையும் அரசு கேட்கத் தொடங்கியது.

செல்வந்தர்கள் சினந்தனர். அதே அறிக்கையில் வருமான வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 4,200 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டதால் எழுத்தர்களும் ஆசிரியர்களும்கூட வரி வலைக்குள் வந்தனர். சர்க்கரை, தேயிலை, தீப்பெட்டி ஆகியவற்றின் மீதான கலால் வரி ஏழையின் அடுப்படி வரை எட்டியது. மறுபுறம், மிக உயர்ந்த வருமானத்தின் மீதான வரிவிகிதம் குறைக்கப்பட்டது. இடதுசாரிகளுக்கும் திருப்தியில்லை, வலதுசாரிகளுக்கும் திருப்தியில்லை. புதிய காசுகள் 1957 ஏப்ரல் முதல் நாள் புழக்கத்துக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். அணாக் கணக்கில் பழகியவர்கள் கடைவாசலில் தடுமாறிய காலம் அது.

பொருளாதார நிர்வாகத்தில் அரசியலின் எல்லை எது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. 1956 இறுதியில் அவர் உயர்த்திய உண்டியல் முத்திரைத் தீர்வை, நடைமுறையில் வங்கிக் கடனுக்கான வட்டியை உயர்த்துவதாக இருந்தது. அது தன் அதிகாரத்தில் தலையிடுவது என்று ரிசர்வ் வங்கி கருதியது. ரிசர்வ் வங்கியைத் தன் அமைச்சகத்தின் ஒரு பிரிவாகவே டி.டி.கே. பார்த்தார். பிரதமர் நேருவும் அமைச்சரின் பக்கமே நின்றார். ஏழாண்டுகளுக்கும் மேலாக ஆளுநராக இருந்த பெனகல் ராம ராவ் 1957 ஜனவரியில் பதவி விலகினார். 2018 டிசம்பரில் உர்ஜித் படேல், தனிப்பட்ட காரணங்களைக் கூறி அதே பதவியிலிருந்து விலகியபோது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நிகழ்வைப் பலரும் நினைவுகூர்ந்தனர்.

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே இறுதி முடிவை எடுக்க வேண்டும் என்ற டி.டி.கே.யின் வாதத்தில் நியாயம் உண்டு. விலையேற்றத்துக்கும் வேலையின்மைக்கும் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சரே. ஆனால், எச்சரிக்க வேண்டிய அமைப்பை வாய்மூடச் செய்துவிட்டால், தவறு நேரும்போது தடுத்துச் சொல்ல எவரும் இருக்கமாட்டார். அந்த உண்மை ஓராண்டுக்குள் அவர் வாசலையே தட்டியது.

245 தனியார் காப்பீட்டு அமைப்புகளை ஒன்றிணைத்து 1956 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. சாமானியர்களின் சேமிப்பு தனியார் முதலாளிகளின் ஊக வணிகத்தில் கரைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால், 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற பங்குச் சந்தைத் தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களுடைய பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாயைக் கழகம் முதலீடு செய்தது. முதலீட்டுக் குழுவிடம் முறையாக ஆலோசிக்கப்படவில்லை. அந்த நிறுவனங்களோ நெருக்கடியில் இருந்தன.

1957 டிசம்பரில் இதை மக்களவையில் எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸின் உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான ஃபெரோஸ் காந்திதான் எழுப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. கூட்டம் மிகுந்ததால் வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஒருசில வாரங்களிலேயே அறிக்கை வந்துவிட்டது. முதலீட்டுக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை என்பது டி.டி.கே.யின் நிலை. தன் கீழுள்ள செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு என்பது ஆணையத்தின் முடிவு. 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையை நேருவே தாக்கல் செய்ய நேர்ந்தது.

அவர் தனக்காகப் பணம் பெற்றார் என்று ஆணையம் கூறவில்லை. ஆனாலும் அவர் போக வேண்டியிருந்தது. கோப்பில் கையொப்பம் இருந்ததா, இல்லையா என்ற வாதம் அதிகாரிகளுக்குப் பொருந்தலாம். அமைச்சருக்குப் பொருந்தாது என்ற நெறி அன்று நிலைநாட்டப்பட்டது. ஒரு பாலிசிதாரர் மாதந்தோறும் கட்டும் சிறுதொகைக்கு நாட்டின் நிதியமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைவிடப் பெரிய காப்பீடு ஜனநாயகத்தில் வேறென்ன இருக்க முடியும்?

அரசியல் அவரை வீழ்த்தியதுபோலவே மீண்டும் உயர்த்தியது. 1962-இல் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். 1963-இல் காமராஜர் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் விலகியதும், இரண்டாம் முறையாக நிதியமைச்சரானார். சிறு சேமிப்பாளர்களும் பங்குச் சந்தையின் பயனைப் பெற வேண்டும் என்ற நோக்கில் 1964-இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கப்பட்டது. அதன் முதல் திட்டத்தில் ஒரு யூனிட்டின் விலை பத்து ரூபாய். தொழில் வளர்ச்சி வங்கியும் அதே ஆண்டில் உருவானது. 1962-இல் கைவிடப்பட்டிருந்த செலவு வரியை மீண்டும் கொண்டுவந்தார். 1966-இல் அது மறுபடியும் நீக்கப்பட்டது. ஒரே வரி ஆளுக்கேற்ப வருவதும் போவதுமாக இருந்தது, வரிக்கொள்கையின் மீது அரசியலுக்குள்ள பிடிக்குச் சான்று.

1965-இல் அவர் குடும்பத்தினரின் நிறுவனங்களைத் தொடர்புபடுத்திப் புகார்கள் எழுந்தன. அவற்றை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி விரும்பினார். அதைத் தன் மீதான நம்பிக்கையின்மையாகக் கருதிய டி.டி.கே., அந்த ஆண்டின் கடைசி நாளில் பதவி துறந்தார். அடுத்த பதினோராவது நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். அதன்பின் டி.டி.கே. ஆட்சிப் பொறுப்புக்குத் திரும்பவில்லை. 1974 மார்ச் 7-இல் காலமானார்.

அவர் தோற்றுவித்தவற்றின் பின்கதையும் நமக்குத் தெரியும். நடுத்தரக் குடும்பங்கள் பெரிதும் நம்பிய யூனிட் டிரஸ்டின் முதல் திட்டம் 2001-இல் நெருக்கடியில் சிக்கியது. சொத்து வரி 2015-இல் கைவிடப்பட்டது. அமைப்புகளை உருவாக்குவது எளிது. அவற்றை ஆள்வோரைக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் காப்பாற்றுவதே கடினம்.

நிதி நிர்வாகத்திலிருந்து அரசியலை முற்றிலும் விலக்கிவிட வேண்டும் என்று சிலர் கூறுவதுண்டு. அது இயலாது என்பதோடு, விரும்பத்தக்கதும் அல்ல என்பதே என் கருத்து. யாரிடம் வரி பெறுவது, யாருக்குச் செலவிடுவது என்பது அடிப்படையில் அரசியல் முடிவுதான். ஃபெரோஸ் காந்தி எழுப்பிய கேள்வியும் அரசியல்தான். பூட்டிய அறைக்குள் நடக்கும் அரசியலால் நேர்ந்த கேட்டை, அவையிலும் மக்கள் முன்னிலையிலும் நடந்த அரசியலே சரிசெய்தது.

இது தில்லிக்கு மட்டும் உரிய பாடம் அன்று. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மறு ஆண்டே வீட்டு வரி உயர்த்தப்பட்டது. வரி உயர்வைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசுகிறோம். அந்தப் பணம் மழைநீர் வடிகாலுக்குச் சென்றதா, குப்பை அகற்றும் ஒப்பந்தத்துக்குச் சென்றதா, எந்தத் தீர்மானத்தின்படி சென்றது என்று வார்டு உறுப்பினரிடம் கேட்பவர்கள் குறைவு. 1.24 கோடி ரூபாய்க்காக ஒரு நிதியமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கிய நாடு இது. நம் தெருவின் வடிகாலுக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்கும் அதே அளவு கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு; கேட்க வேண்டிய கடமையும் உண்டு.