கோணிய விரல்கள் கொடுத்த ஒளி

எட்டயபுரத்திற்கு அருகில் அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் வெங்கடசாமி பிறந்தார். தாளும் பேனாவும் இல்லாத பள்ளி. ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுதிப் பழகினார்கள். அவருடைய இளமையில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் மாண்டனர். ஊரில் மருத்துவர் இல்லை. ஆகவே மகப்பேறு மருத்துவராவது என்று உறுதி பூண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அப்போதுதான் சோதனை வந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணிப்போயின, பேனா பிடிப்பதே பெரும்பாடு. மகப்பேறு மருத்துவம் கனவாகவே நின்றது. இவரோ மனம் தளராமல் கண் மருத்துவம் படிக்கச் சென்றார்! தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கண்புரையை அகற்றப் பழகினார். அந்தக் கைகளாலேயே வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். இஃது அச்சுப் பிழை அன்று, தோழியரே!

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தபோது ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் வயது. ஆனால் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. தம்பி தங்கையரையும் அவர்கள் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. வீடு அடமானத்திற்குப் போயிற்று, பெண்களின் நகைகளும் போயின. நம் வீடுகளில் நகையைக் கழற்றித் தருவது எத்தனை கடினம் என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

அங்கே வசதியுள்ளவர்கள் கட்டணம் செலுத்துவார்கள், ஏழைகளுக்கு இலவசம். கட்டணப் பணத்திலேயே இலவசப் பிரிவும் நடக்கும். இரு பிரிவுக்கும் மருத்துவர்கள் ஒருவரே. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது.

இலவசம் என்று சொன்னாலும் பலர் வரவில்லை என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. பார்வையற்ற பாட்டிக்குப் பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பார்? உடன் வருபவரின் ஒரு நாள் கூலி என்னாவது? தெரியாத ஊரில் சாப்பாடு எங்கே? இவற்றை உணர்ந்ததும், முகாமிலிருந்தே நோயாளிகளைப் பேருந்தில் கூட்டமாக அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விடும் ஏற்பாடு வந்தது.

கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது விலை நூறு டாலர் அளவில் இருந்தது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அதை இங்கேயே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, கண் பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் பொறுப்புக் கொடுத்தார்கள். நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த அக்காமார்!

தேனி, திருநெல்வேலியைத் தொடர்ந்து 1997-இல் நம் கோவை அவினாசி சாலையிலும் அரவிந்த் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மறைந்தார். முகாம்களிலிருந்து நோயாளிகள் இன்றும் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். கட்டுப் பிரித்த பின் தம் ஊருக்குத் திரும்புகிறார்கள்.