கர்னல் ஸ்கின்னரின் தாய் யார்?

ரிஷி மூலமும் நதி மூலமும் ஆராயக் கூடாது என்பது நம் பெரியோர் வகுத்த விதி. நதிகளின் மூலத்தை ஆராய்ந்து பூகோள நூல்களில் படமும் போட்டுவிட்டார்கள். மனிதர்களின் மூலத்தை ஆராய்வதுதான் இன்றளவும் சங்கடமான வேலையாக இருக்கிறது. பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தச் சங்கடம் புதியதன்று. இங்கே நாம் மதராஸிகள். ஊருக்குப் போனால் டில்லிக்காரர்கள். எங்கே போனாலும் முதற் கேள்வி, சொந்த ஊர் எது என்பது. இரண்டாவது கேள்வி, யார் வீட்டுப் பிள்ளை என்பது. மூன்றாவது கேள்வியை மட்டும் வாய் விட்டுக் கேட்கமாட்டார்கள். சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்வார்கள்.

இந்த மூன்று கேள்விகளாலும் வாழ்நாள் முழுவதும் துரத்தப்பட்ட ஒருவர் நம் அக்கம்பக்கத்திலேயே உறங்குகிறார். நம் பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் காஷ்மீர் கேட். அங்கே பெரிய குவிமாடத்துடன் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும் புனித ஜேம்ஸ் ஆலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைத் தம் சொந்தச் செலவில் கட்டி, அதன் பீடத்தருகே அடக்கமாகியிருப்பவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர். வெள்ளைக்காரருக்கு அவர் ஸ்கின்னர். டில்லி மக்களுக்கோ சிக்கந்தர் சாகிப். ஸ்கின்னர் என்ற பெயர் நாவில் புரண்டு, மாவீரன் அலெக்ஸாந்தரின் கீழ்த்திசைப் பெயராகவே மாறிவிட்டது.

ஸ்கின்னர் 1778ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர், ஸ்காட்லாந்து நாட்டவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. தந்தையைப் பற்றிச் சந்தேகம் ஏதுமில்லை. படைப் பதிவேடுகளிலேயே அவர் இருக்கிறார். தாயைப் பற்றி அறிய நமக்குள்ள முதன்மையான ஆதாரம், மகன் எழுதி வைத்த நினைவுக் குறிப்பு ஒன்றே. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1851இல், பெய்லி ஃபிரேசர் என்பவர் அதை லண்டனில் பதிப்பித்தார். அதிலே தாயைப் பற்றி உள்ளவை சில வரிகள்தாம். அவள் போஜ்பூர்ப் பகுதி ஜமீன்தார் ஒருவரின் மகள், ராஜபுத்திரப் பெண், காசி மன்னர் சேத் சிங்கோடு கம்பெனி நடத்திய போரில் பதினான்கு வயதில் சிறைப்பட்டாள், இளம் அதிகாரியாயிருந்த ஸ்கின்னரின் தந்தை அவளுக்கு அடைக்கலம் தந்தார், மூன்று ஆணும் மூன்று பெண்ணுமாக ஆறு மக்களைப் பெற்றாள். இவ்வளவு சொன்ன மகன், தாயின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

நான் விலங்கியல் மாணவன். சரித்திரம் என் பாடமன்று. ஆயினும் கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். சேத் சிங் மன்னர் வாரன் ஹேஸ்டிங்ஸை எதிர்த்து எழுந்தது 1781ஆம் ஆண்டு ஆகஸ்டில். அவருடைய பீஜாகர் கோட்டை வீழ்ந்தது அதே ஆண்டு நவம்பரில். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்கு என்றால் அவள் பிறந்தது 1767இல். ஸ்கின்னர் பிறந்ததோ 1778இல். அன்று தாயின் வயது பதினொன்று! அவருக்கு முன்பே டேவிட் என்ற மூத்த மகன் வேறு பிறந்திருக்கிறான். போரில் சிறைப்படுவதற்கு மூன்றாண்டுகள் முன்னமே அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று முடிகிறது கணக்கு. இது நடவாத காரியம்.

எங்கே பிழை? ஸ்கின்னர் பிறந்த ஆண்டு தவறாக இருக்கலாமோ? போருக்குப் பின்னரே பிறந்தார் என்று கொண்டால், மூத்தவனுக்கும் இடம் விட்டு, 1783ஐத்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் அவர் சிந்தியாவின் படையில் அதிகாரியாகச் சேர்ந்தபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன் என்றாகும். அதுவும் பொருந்தாது. ஆகவே பிழை போரின் பெயரில் இருக்க வேண்டும். 1764இல் பக்சாரில் வென்றது முதல் கம்பெனிப் படைகள் அந்தப் பக்கத்தில் நடமாடிக்கொண்டுதான் இருந்தன. பெயர் தெரியாத ஏதோ ஒரு சிறு சண்டையில் சிறைப்பட்ட பெண்ணின் கதை, பின்னால் ஊரறிந்த பெரிய போரின் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது, சிறை என்பதும் ஜமீன் என்பதும் அவளுக்கு மரியாதை தேடப் பிறந்த சொற்களாகவும் இருக்கலாம். ஸ்கின்னர் இதைத் தம் தாயிடமே கேட்டிருந்தால், பன்னிரண்டு வயதுக்குள் கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் 1790இல் அவள் இறந்துவிட்டாள்.

அவள் இறந்த விதந்தான் நெஞ்சை உலுக்குகிறது. பெண் மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை தீர்மானித்தார். அந்தப்புரத் திரையை விட்டுப் பெண்கள் வெளியேறினால் குல மானம் போயிற்று என்று எண்ணிய தாய் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அவள் உயர்குடிப் பெண்தான் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படித் துணியமாட்டேன். திரை முறை ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் வசதியுள்ள பல வீடுகளில், இந்து முஸ்லிம் வேறுபாடின்றி, அது இருந்தது. அவள் எதை மானம் என்று நம்பினாள் என்பது இந்த மரணத்தால் விளங்குகிறது. எங்கே பிறந்தாள் என்பது விளங்கவில்லை.

தாயை இழந்த பையன்களைத் தந்தை முதலில் தருமப் பள்ளியில் சேர்த்தார். 1795இல் ஜேம்ஸ் ஓர் அச்சகத்தில் தொழில் பழக விடப்பட்டார். மூன்றாம் நாள் இரவே அங்கிருந்து ஓடிவிட்டார். கையில் இருந்தது நாலணா. அது தீர்ந்ததும் கல்கத்தாக் கடைவீதியில் மூட்டை சுமந்தார். தமக்கை வீட்டார் கண்டுபிடித்து அழைத்துப்போனார்கள். பிறகு, ஞானத் தந்தையின் உதவியால் வடக்கே வந்து, மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் மாதம் நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

தந்தையின் கம்பெனிப் படையை விட்டு அந்நியர் படையில் ஏன் சேர வேண்டும்? கம்பெனிதான் கதவைச் சாத்திவிட்டதே! இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியில் அதிகாரி உத்தியோகம் இல்லை என்று 1791இல் கட்டளை பிறந்தது. 1795இல் வந்த கட்டளை இன்னும் கடுமையானது. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் குழல் ஊதலாம், முரசு கொட்டலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். வாள் ஏந்தும் அதிகாரியாக முடியாது. பிறப்பைக் கேட்டு அரங்கிலிருந்து விலக்கப்பட்ட கர்ணனின் கதை இந்த டில்லிக்கு அருகே அத்தினாபுரியில் நடந்ததாகத்தான் பாரதம் சொல்கிறது. அதே மண்ணில் இன்னொரு கர்ணன்! கர்ணனுக்கு அங்க நாடு கிடைத்ததைப் போல ஸ்கின்னருக்குச் சிந்தியாவின் பாளையம் கிடைத்தது.

1800ஆம் ஆண்டு ராஜஸ்தானத்தில் உனியாரா என்னும் இடத்தில் நடந்த போரில் குண்டடி பட்டு, பிணங்களுக்கு நடுவே கிடந்தார் ஸ்கின்னர். இரவு போயிற்று, பகல் போயிற்று, மறு இரவும் போயிற்று. உயிர் பிழைத்தால் ஓர் ஆலயம் கட்டுவதாக அங்கே கிடந்தபடி வேண்டிக்கொண்டார். விடிந்ததும் கிழவனும் கிழவியும் இருவர் வந்தார்கள். தோல் தொழில் செய்யும் சமார் குலத்தவர். கூடையில் சோள ரொட்டி, குடத்தில் தண்ணீர். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தாள் அந்தக் கிழவி. ஸ்கின்னர் வாங்கி உண்டார். அருகே கிடந்த ராஜபுத்திர சுபேதார் மறுத்துவிட்டார். சாகும் தறுவாயிலும் தாழ்ந்த குலத்தார் கைத் தண்ணீரால் தம் தூய்மை கெடக் கூடாது என்பது அவர் கொள்கை.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குல மானத்துக்காக உயிர் விட்ட தாயின் மகன் அவர். குல மானத்துக்காகத் தண்ணீரை மறுத்த வீரர் பக்கத்திலேயே கிடக்கிறார். மகன் ரொட்டியை வாங்கிக்கொண்டான். பிழைத்தெழுந்த பின் அந்தக் கிழவிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி, அவளைத் தம் தாய் என்றே குறிப்பிட்டார். பெற்ற தாயின் குலத்தைச் சொன்ன குறிப்பிலேயே, பெறாத தாயின் குலத்தையும் மறைக்காமல் எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1803இல் கம்பெனிக்கும் சிந்தியாவுக்கும் போர் மூண்டது. சிந்தியாவின் பிரெஞ்சுத் தளபதி பெரோன், ஆங்கில இரத்தம் கலந்தவர்களை நம்பாமல் விலக்கினார். ஸ்கின்னரும் விலக்கப்பட்டார். கம்பெனிக்கு அவர் இந்தியர்; சிந்தியாவின் தளபதிக்கு அவர் ஆங்கிலேயர். வேறு வழியின்றி ஜெனரல் லேக்கிடம் சென்றார். அப்போதும் சிந்தியாவை எதிர்த்து மட்டும் வாள் எடுக்கமாட்டேன் என்று நிபந்தனை விதித்தார். செஞ்சோற்றுக் கடன் என்பது இதுதான். பெரோனை விட்டு வந்த குதிரை வீரர்கள் தங்களுக்குத் தலைவராக அவரையே கேட்டுப் பெற்றார்கள். மஞ்சள் அங்கி அணிந்த அந்தக் குதிரைப் படை ஹான்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பெரும் புகழ் பெற்றது. ஸ்கின்னர் குதிரைப்படை என்ற பெயரோடேயே அது இன்றும் இந்திய இராணுவத்தில் கவசப் படையாக விளங்குகிறது. தலைவருக்கு உரிய பதவியைத் தரத்தான் கம்பெனிக்குப் பல ஆண்டுகள் மனம் வரவில்லை. கர்னல் பட்டம் வரும்போது அவர் முதுமையை நெருங்கிவிட்டார்.

ஹான்சியில் இருந்தபடியே அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு வியப்பளிக்கிறது. வட இந்தியக் குலங்களின் தோற்றத்தையும் தொழில்களையும் பற்றி, படங்களோடு, பாரசீக மொழியில் ஒரு பெரிய நூலை 1825இல் முடித்தார். 1830இல் ராஜபுத்திர, பஞ்சாப் சிற்றரசர்களின் வமிச வரலாறுகளைத் தொகுத்தார். ஊரார் மூலத்தையெல்லாம் ஏட்டில் ஏற்றியவர் தம் தாயின் மூலத்தைச் சில வரிகளில் முடித்துவிட்டார்.

வேண்டுதலின்படி எழுப்பிய ஆலயம் 1836ஆம் ஆண்டு நவம்பரில் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1841 டிசம்பர் 4ஆம் நாள் ஸ்கின்னர் ஹான்சியில் காலமானார். அங்கே புதைக்கப்பட்ட உடலை மீண்டும் எடுத்து, வீரர்கள் புடைசூழ டில்லிக்குக் கொண்டுவந்து, 1842 ஜனவரியில் இந்த ஆலயத்துள் அடக்கம் செய்தார்கள்.

தாயைப் பற்றிய உண்மையை இனியேனும் அறிய வழி உண்டா? ஓரளவு உண்டு. நம் உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு இருக்கிறது. அதற்கென்று உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகனுக்கும் அது வரும்; ஆனால் மகன் தன் மக்களுக்கு அதைத் தர முடியாது. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தாயார் நான்சி ஹாங்ஸ் யாருக்குப் பிறந்தவர் என்று தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். குடியேற்றக் காடுகளில் திருமணப் பதிவும் பிறப்புப் பதிவும் யார் ஒழுங்காக வைத்தார்கள்? கடைசியில், தாய் வழியாகவே இறங்கி வந்த தூரத்து உறவினர்களின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு, லூசி ஹாங்ஸ் என்ற பெண்ணே நான்சியின் தாய் என்று 2015இல் முடிவு கண்டார்கள்.

ஸ்கின்னருக்கு மூன்று சகோதரிகள். அவர்களின் மகள், மகளின் மகள் என்று அறுபடாமல் வந்த கொடி எங்கேனும் இருந்தால், அந்தப் போஜ்பூர்ப் பெண்ணின் தாய்வழிச் சுவடு அதில் இருக்கும். ஆனால் அது சொல்லக்கூடியது மிகப் பழைய உறவுகளை மட்டுமே. அவள் ஜமீன்தாரின் மகளா, குடியானவன் மகளா என்று எந்த டி.என்.ஏ.யும் சொல்லாது. சாதிக்கு உயிரணுவில் முத்திரை கிடையாது. அவள் பெயரையும் அது சொல்லாது. ஆய்வுக்கூடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் தெரியாது என்று சொல்வதுதான் விஞ்ஞானிக்கு அழகு. வெற்றிடத்தைப் பார்த்தவுடன் அங்கே ஓர் அரண்மனை கட்டிவிடுவது குலப்பெருமை பேசுவோர் வழக்கம்.

நண்பர்களே, நம் பெயருக்கு முன்னே நிற்கும் இனிஷியல் தந்தையுடையது. அவருடைய தந்தை பெயரும் நமக்குத் தெரியும். பாட்டியின் தாய் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால், ஒரு பக்கத்துக்குத் தெரியும், மறுபக்கத்துக்குத் தெரியாது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய போஜ்பூர்ப் பெண்ணுக்கு நேர்ந்தது, எந்தப் போரும் இல்லாமலேயே நம் வீட்டுப் பெண்களுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. இந்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பேச்சும் நினைவும் தெளிவாயிருக்கும் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். குலத்தைக் கேட்க வேண்டாம். பெயரையும், ஊரையும், அவர்கள் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதையும் கேட்டால் போதும்.