கன்னடத்தில் பாடிய மடாதிபதி

‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் யமுனாகல்யாணிப் பாடலைக் கேட்காத கச்சேரி ரசிகர் இருக்க முடியாது. கன்னடமே அறியாத தஞ்சாவூர்க்காரர்களும் அதில் மயங்கியதுண்டு. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் இதற்கு அபிநயம் பிடிப்பதை சத்யஜித் ராய் 1976-இல் படமாக்கினார். இதை இயற்றியவர் முழுநேரப் பாடகர் அல்லர். வாதத்தில் எதிரிகளைத் திணற அடித்த துறவி. வியாசராயர் என்றும் வியாச தீர்த்தர் என்றும் சொல்வார்கள்.

மைசூரை அடுத்த பன்னூரில் 1460-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே இவருக்குத் துறவறம் தந்தவர் அப்பூர் பிரம்மண்ய தீர்த்தர். மைசூர் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்த சென்னபட்டணத்துக்குப் பக்கத்து ஊர் அது. குரு மறைந்ததும் காஞ்சிபுரம் சென்று சாஸ்திரம் பயின்றார். பின்னர் முல்பாகலில் ஸ்ரீபாதராஜரிடம் பாடம் கேட்டார். தங்கவயலில் உழைத்த நம்மவர்களுக்கு முல்பாகல் எட்டாத ஊர் அல்ல. ஸ்ரீபாதராஜர் கன்னடத்திலும் பாட்டுக் கட்டியவர். சீடருக்கும் அந்த ருசி ஒட்டிக்கொண்டது.

சந்திரகிரி, திருப்பதி, பிறகு விஜயநகரம். கிருஷ்ணதேவராயர் இவரைக் குருவாகப் போற்றினார். நியாயாமிருதம், தாத்பரிய சந்திரிகை, தர்க்க தாண்டவம் என்னும் மூன்று நூல்களும் துவைதத்தின் தூண்கள். நியாயாமிருதத்தை மறுப்பதற்கென்றே மதுசூதன சரஸ்வதி அத்வைத சித்தியை எழுத வேண்டியதாயிற்று.

எல்லாம் வடமொழி. சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்கு அதில் என்ன புரியும்? வியாசராயர் அவனுக்காகவும் பாடினார். அதைவிடப் பெரிய காரியம், பாட வந்தவர்களை அரவணைத்தது. செல்வத்தை உதறிவிட்டு வந்த வணிகர் புரந்தரதாசராக ஆனது இவரிடம்தான். இன்றைக்கும் பிள்ளைகள் பாடும் சரளி வரிசையை வகுத்தவர் புரந்தரதாசரே என்பது மரபு. தியாகராஜர் பிரகலாத பக்தி விஜயத்தில் அவரை வணங்கிப் பாடியிருக்கிறார்.

ஆட்டிடையர் குலத்தில் பிறந்த கனகதாசரைச் சேர்த்துக்கொண்டது மடத்துப் பண்டிதர்களுக்குப் பிடிக்கவில்லை. குரு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து, யாரும் பார்க்காத இடத்தில் தின்றுவிட்டு வரச் சொன்னாராம். மற்றவர்கள் மூலையில், கதவுக்குப் பின்னால் என்று தின்று முடித்தார்கள். கனகர் மட்டும் பழத்தோடு திரும்பி வந்தார். கடவுள் பார்க்காத இடம் அவருக்கு அகப்படவில்லை. நடந்ததோ இல்லையோ, மடத்துக்குள் இருந்த புகைச்சலையும் குரு யார் பக்கம் நின்றார் என்பதையும் கதை சொல்லிவிடுகிறது.

1539-இல் வியாசராயர் மறைந்தார். ஆனேகுந்திக்கு அருகே துங்கபத்திரை நடுவில் உள்ள நவ பிருந்தாவனத் தீவில் அவருடைய சமாதி இருக்கிறது. 2019 ஜூலையில் புதையல் ஆசை பிடித்த கும்பல் ஒன்று இரவோடு இரவாக அதை உடைத்துப் போட்டது. உள்ளே தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. செய்தி கேட்டு ஓடிவந்த பக்தர்கள் சில நாட்களுக்குள் கற்களை அடுக்கி மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். ஹொசபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஆனேகுந்தி போய்ப் படகு ஏறினால் பார்க்கலாம்.