அலையின் மேல் எழுந்த படகு

தொலைபேசி என்றதும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர் நம் நினைவுக்கு வரும். 1876-ஆம் ஆண்டில் அக்கருவிக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 29 தான். அதன் பிறகு அவர் மேலும் 46 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நெடுங்காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அதில் ஒரு பகுதி, நீரை விட்டு மேலெழுந்து செல்லும் படகு ஒன்றை உருவாக்குவதில் கழிந்தது.

பெல் 1847-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய சகோதரர்கள் இருவரும் காசநோய்க்குப் பலியாயினர். எஞ்சிய ஒரே மகனையும் இழந்துவிடக் கூடாது என்று அஞ்சிய பெற்றோர், 1870-இல் அவரை அழைத்துக்கொண்டு கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர், அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோருக்கு ஆசிரியரானார். அவரிடம் பயின்ற மேபல் என்பவரையே மணந்துகொண்டார். மேபல் ஐந்து வயதில் நோயால் கேட்கும் திறனை இழந்தவர். தொலைபேசியைக் கண்டுபிடித்தவரின் மனைவி, அதில் ஒருமுறைகூட எவர் குரலையும் கேட்டதில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், பராடோர் ஏரிக்கரையில் பேடெக் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே பெல் ஒரு வீடு கட்டினார். கோடைக்காலங்களை அங்கே கழித்தார். அவருடைய மனம் அப்போது வானில் இருந்தது. 1896-இல் ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்னும் பறத்தல் முன்னோடி கீழே விழுந்து இறந்தார். பறக்கத்தான் வேண்டும், ஆனால் பறப்பவர் உயிர் பிழைக்கவும் வேண்டும் என்ற எண்ணம் பெல்லை விடவில்லை. தடுமாறினாலும் கவிழாத ஒன்றைத் தேடி, முக்கோண அறைகளைக் கொண்ட பெரிய பட்டங்களைச் செய்து பார்த்தார்.

1907-ஆம் ஆண்டில் இளைஞர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு அவர் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். அதற்குப் பணம் கொடுத்தவர் மேபல். குழுவில் இருந்த கேசி பால்ட்வின் என்னும் இளம் பொறியாளர், பெல்லுக்கு மகனைப் போல் ஆனார். பெல் தம் ஆண் குழந்தைகள் இருவரையும் பிறந்த சிறிது காலத்திலேயே பறிகொடுத்தவர். மற்றோர் உறுப்பினரான தாமஸ் செல்ஃபிரிட்ஜ், அந்த ஆண்டு டிசம்பரில் பெல்லின் பெரும் பட்டத்தில் ஏறி ஏரிக்கு மேலே பறந்தார். பட்டம் நீரில் இறங்கி உடைந்தது, அவர் தப்பினார். ஆனால், அடுத்த ஆண்டு செப்டம்பரில் வேறொரு விமானத்தில் சென்றபோது அது தரையில் மோத, அவர் உயிரிழந்தார். விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவரே.

விழுந்தாலும் நீரில் விழுந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அதனால் நீரிலிருந்து எழும் விமானமே நல்லது என்று பெல் கருதினார். ஆனால், மிதவை பொருத்திய விமானத்தை நீர் விடாமல் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியிலிருந்து விடுபடுவது எப்படி? 1906-இலிருந்தே அவர் சிந்தித்து வந்த ‘ஹைட்ரோஃபாயில்’ அதற்கு வழிகாட்டியது. அதைத் தமிழில் நீர்ச்சிறகு எனலாம். விமானத்தின் இறக்கையைக் காற்று தூக்குவதுபோல, படகின் அடியில் உள்ள இந்தத் தகட்டை ஓடும் நீர் தூக்குகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே, சிறிய தகடே போதும்.

தூக்குவது எளிது, தூக்கிய படகைச் சாயாமல் நிறுத்துவதுதான் கடினம். சாதாரணப் படகு ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் கூடுதலாக அமிழ்ந்து, நீர் அதை மேலே தள்ளிவிடும். நீரை விட்டு எழுந்த படகுக்கு அந்தத் துணை இல்லை. மேலும், வேகம் இருமடங்கானால் சிறகின் தூக்குவிசை நான்கு மடங்காகும். படகு உயர்ந்துகொண்டே போகும். சிறகு நீரை விட்டு வெளியே வந்ததும் தாங்க எதுவுமின்றித் தொப்பென்று விழும்.

இத்தாலியைச் சேர்ந்த என்ரிக்கோ ஃபோர்லானினி இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். உலகப் பயணம் சென்ற பெல்லும் பால்ட்வினும் 1911-இல் மஜ்ஜோரே ஏரியில் அவருடைய படகில் சவாரி செய்தனர். அதன் சிறகுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. வேகம் கூடி, படகு உயரும்போது மேற்படிகள் ஒவ்வொன்றாக நீரை விட்டு வெளியேறும். தூக்கும் பரப்பு குறைவதால் உயர்வதும் நிற்கும். காற்று வலுத்தால் பாய்மரப் படகோட்டி பாயைச் சுருக்குகிறார் அல்லவா? இங்கே அந்தச் சுருக்கம் தானாகவே நிகழ்கிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கத்தில் அதிகப் படிகள் நீருக்குள் இறங்கி அதை மீண்டும் தூக்கி நிறுத்தும். பெல் பல ஆண்டுகளாகத் தேடிய, தானே நிமிரும் தன்மை இதில் இருந்தது.

பேடெக் திரும்பியதும் வேலை தொடங்கியது. முதல் மூன்று படகுகளும் உடைவதும் பழுதாவதுமாக இருந்தன. தகடுகளைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினார்கள். அதனால் அவை நீரிலிருந்து திடீரென்று வெளிவராமல் மெல்ல மெல்ல வெளிவந்தன. மூக்கு நீரில் குத்திவிடாமல் தடுக்க முன்புறத்திலும் ஒரு தொகுதியைச் சேர்த்தார்கள். முதல் உலகப் போரால் தடைப்பட்ட வேலை, அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியதும் மீண்டும் தொடர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் துரத்த இத்தகைய படகு உதவும் என்று பெல் நம்பினார். ஆனால், ‘எச்டி-4’ என்னும் நான்காவது படகு முழுமை பெறுமுன் போர் முடிந்துவிட்டது.

சுருட்டைப் போன்ற வடிவமும் 60 அடி நீளமும் கொண்ட அப்படகை, காற்றில் சுழலும் இரண்டு விசிறிகள் உந்தித் தள்ளின. 9 செப்டம்பர் 1919 அன்று பால்ட்வின் அதை ஓட்டினார். மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அது உலகச் சாதனை படைத்தது. கடற்படை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பாராட்டவும் செய்தார்கள். ஆனால், ஒரு படகைக்கூட யாரும் வாங்கவில்லை. போர் ஓய்ந்த காலத்தில் போர்ப்படகுக்கு ஏது தேவை? இயந்திரங்கள் கழற்றப்பட்டு, எச்டி-4 கரையில் கிடந்தது.

இன்று ‘மோத்’ எனப்படும் சிறிய பாய்மரப் படகு, ஒரே ஆளைச் சுமந்துகொண்டு நீருக்கு மேலே பறக்கிறது. அதில் ஏணி இல்லை. முன்னே தொங்கும் மெல்லிய கோல் ஒன்று நீர்மட்டத்தை உணர்ந்து, சிறகின் மடலை அசைத்து உயரத்தைச் சரிசெய்கிறது. வழி வேறாக இருந்தாலும், தீர்க்கப்படும் சிக்கல் பழையதுதான்.

பெல் 2 ஆகஸ்டு 1922 அன்று பேடெக் இல்லத்தில் காலமானார். மேபல் அருகில் இருந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின. கரையில் கிடந்த எச்டி-4-இன் எஞ்சிய உடற்பகுதியைப் பேடெக்கில் உள்ள பெல் நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அதனுடன் அதே அளவில் செய்யப்பட்ட மாதிரிப் படகு ஒன்றும் ஏணிச் சிறகுகளோடு வைக்கப்பட்டுள்ளது.