வானத்தைப் பார்த்து பஞ்சாங்கம் கணித்தவர்

குழந்தைகளே! சின்னமனூர் கடைத்தெருவில் பஞ்சாங்கம் கேட்டால், வாக்கியமா, திருக்கணிதமா என்று கடைக்காரர் உங்களைத் திருப்பிக் கேட்கலாம். இரண்டிலும் திதி முடியும் நேரம் ஒன்றாக இருக்காது. ஏன் தெரியுமா? வாக்கியம், முன்னோர் தந்த பழைய வாய்பாட்டின்படி கணிப்பது. திருக்கணிதத்தில் உள்ள 'திரு' மரியாதைச் சொல் அல்ல! 'த்ருக்' என்றால் பார்வை. கண்ணால் பார்க்கும் வானத்தோடு ஒத்துப்போகும் கணக்கு அது.

அந்தக் கணக்குக்காகப் பாடுபட்ட முன்னோடிகளில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு இரவாகத் தொலைநோக்கியில் நட்சத்திரங்களின் இடத்தை அளந்து குறிப்பதுதான் அவர் வேலை. போக்சன் என்ற ஆங்கிலேயத் தலைவரின் கீழ், முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867இல், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

ஐரோப்பாவிலும் இதே சண்டைதான் முன்பு நடந்தது. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று பழைய நூல்கள் கூறின. 1610இல் கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பினார். வியாழனை நான்கு நிலவுகள் சுற்றின! பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காக 1633இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆனாலும், நூலில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே வளர்ந்துவிட்டது.

ரகுநாதாச்சாரியை யாரும் சிறை வைக்கவில்லை. ஆனால் அவருக்கு இருந்த சங்கடம் வேறு. பழைய கணக்குப்படி சொன்ன நேரத்தில் கிரகணம் பிடிக்காததை அவர் அறிவார். அதைச் சொன்னால், விரதம், பண்டிகை, முகூர்த்தம் எல்லாவற்றின் நேரமும் மாறுமே! சொந்த பந்தங்கள் தலைமுறையாய் நம்பிய கணக்கு அல்லவா? அவர் தயங்கவில்லை. வானத்தோடு பொருந்தும் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். அன்றைய சாஸ்திரங்களை அவர் தூக்கி எறியவில்லை என்பதையும் கவனியுங்கள். எண்களைத்தான் திருத்தச் சொன்னார்.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியன் மேல் சிறு கரும்புள்ளியாக நகர்ந்தது. பூமியின் பல இடங்களிலிருந்து இதைப் பார்த்து நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். இதைச் சாதாரண மக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும், கன்னடம், உருது போன்ற நம் நாட்டு மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார்.

1880 பிப்ரவரியில் அவர் மறைந்தார். பின்னர் 1899இல், சின்னமனூருக்கு வடக்கே உள்ள பழனி மலைத்தொடரில், கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் உருவாகி, சென்னையின் வானாய்வுப் பணி அங்கே மாறியது. வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை!