நிலோபர் அம்மையார்

நிலோபர் என்றதும் நம் நண்பர்களுக்கு நாவில் ஊறுவது தேநீர்தான். ரெட்ஹில்ஸ் பகுதியிலுள்ள அந்தக் கடைக்குப் போகாத தமிழ் மாணவர் நம் சங்கத்தில் உண்டோ? நானும் ஓராண்டுக் காலம் அதைக் கடைப் பெயராகவே அறிந்திருந்தேன். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் அதே பெயர் இருக்கக் கண்டு, யார் இந்த நிலோபர் என்று விசாரிக்கப் புகுந்தேன். அதில் என் வீட்டுக் கதையும் வந்து கலந்துவிட்டது.

நிலோபர் 1916-ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில், துருக்கி அரச குலத்தில் பிறந்தவர். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 1924-இல் கிலாபத் ஒழிக்கப்பட்டு, அரச குடும்பத்தார் நாடு கடத்தப்பட்டனர். எட்டு வயதுச் சிறுமி தாயாருடன் பிரான்சு நாட்டு நீஸ் நகரில் வந்து ஒதுங்கினார். 1931-இல் அதே நகரில், ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் இரண்டாம் மகன் முவாசம் ஜாவுக்கு வாழ்க்கைப்பட்டார். உலகப் பெருஞ்செல்வர் என்று பேசப்பட்ட நிஜாமின் மருமகளாக இந்நகருக்கு வந்தார்.

அவருடைய அழகைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எழுதட்டும், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திரைக்குப் பின்னால் முடங்காமல் பொது விழாக்களுக்கு வந்தார், இரண்டாம் உலகப் போரின்போது செவிலியர் பயிற்சி பெற்றார் என்பனவே என் மனத்தில் நின்றன.

அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஐரோப்பிய மருத்துவர்களை நாடியும் பயனில்லை. 1948-இல் கணவர் வேறொரு பெண்ணை மணந்தார். நம் நாட்டில் இது எத்தனை வீடுகளில் நடந்த கதை! அரண்மனையும் விலக்கன்று.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய பணிப்பெண் ரபத்துன்னிசா, தக்க மருத்துவ வசதி கிட்டாமல் பிரசவத்தில் இறந்தாள். தாயாகும் பேறு வாய்க்காத அரசிளங்குமரியை, தாயாகப் போய் மாண்ட ஏழைப் பெண்ணின் சாவு உலுக்கிவிட்டது. இனி இப்படி ஒருத்தி சாகக் கூடாது என்று உறுதி கொண்டு, மாமனாரிடம் முறையிட்டார். 1952-இல் அவருடைய மணவாழ்வு முறிந்தது. 1953-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அந்த மருத்துவமனை 100 படுக்கைகளுடன் தொடங்கியது.

இதைப் படித்தபோது என் அத்தை நினைவுக்கு வந்தார். நான் பார்த்ததில்லை, அப்பாவுக்கு மூத்தவர். பிள்ளை பிறந்தபின் நஞ்சுக்கொடி விழவில்லை. உதிரம் நிற்கவில்லை. மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள் என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். பிறகு மாட்டு வண்டி தேடினார்கள். வண்டி பாதி வழி போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

தாமதம் மூன்று வகை என்கிறார்கள் இத்துறை அறிஞர்கள்: போகலாம் என்று முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். உதிரப்போக்கோ ஓரிரு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அத்தை மூன்றாவது தாமதத்தைக் காணும் இடம்வரைகூடப் போகவில்லை.

நண்பர்களே, நம் ஊரில் பலரும் அறியாத செய்தி ஒன்று: 108 ஊர்தி முதன்முதலில் ஓடத் தொடங்கியது இந்த ஐதராபாத்தில்தான், 2005-இல். தமிழ்நாட்டுக்கு அது 2008-இல் வந்தது. 2018-20 கணக்குப்படி, 1 இலட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54, தெலங்கானாவில் 43. நம்மைவிட இவர்கள் குறைவு என்பதை விடுதியில் சொன்னபோது ஒரு நண்பர் நம்பவில்லை. கேரளத்தில் 19 என்றதும் பேசாமல் எழுந்து போய்விட்டார். உலகெங்கும் 2020-இல் மட்டும் ஏறக்குறைய 2,87,000 தாய்மார் இவ்வாறு மாண்டனர். பெரும்பாலோர் ஏழை நாட்டினர்.

நிலோபர் 1963-இல் எட்வர்டு போப் என்ற அமெரிக்கரைப் பாரிசில் மணந்தார். 1989-இல் அந்நகரிலேயே காலமானார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையின் வாசலில், சென்ற வாரம் தூக்குப் பாத்திரமும் வெந்நீர்க் குடுவையுமாகப் பாட்டிமார் உட்கார்ந்திருக்கக் கண்டேன். ஒருவர் மடியில் துணியில் சுற்றிய குழந்தை, பிறந்து இரண்டு நாள் இருக்கும்.

பொங்கலுக்குப் பிறகு அப்பா இங்கு வருகிறார். சார்மினாருக்கு முன் அவரை அங்கே அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன். தேநீர் அதற்குப் பிறகு.