ஜாக்கோ பாஸ்டோரியஸ்

ஜாக்கோ பாஸ்டோரியஸ் (டிசம்பர் 1, 1951 – செப்டம்பர் 21, 1987) அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் இசைக்கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். ஜான் பிரான்சிஸ் அந்தோணி பாஸ்டோரியஸ் என்பது இவரது இயற்பெயர். மின் பேஸ் கிட்டார் வாசிப்பில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். வெதர் ரிப்போர்ட் என்னும் ஜாஸ் இசைக்குழுவில் 1976 முதல் 1982 வரை பங்காற்றினார். இவர் புகழ்பெற்ற மேடைகளில் வாசித்தது விலையுயர்ந்த கருவியை அன்று. மெட்டுகள் அகற்றப்பட்ட, பழைய, மலிவான ஒரு தொழிற்சாலைத் தயாரிப்பையே அவர் வாசித்தார். இவரது மறைவுக்குப் பின் அதே கருவி உலகின் மிகவும் விரும்பப்படும் பேஸ் கிட்டார்களுள் ஒன்றாகிவிட்டது.

பின்னணி

பேஸ் கிட்டார் என்பது இசைக்குழுவின் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் நான்கு தந்திக் கருவியாகும். இதற்கு முன்னர் அந்தப் பணியை டபிள் பேஸ் என்னும் ஆளுயர மரக்கருவி செய்து வந்தது. டபிள் பேஸ் விலை மிகுந்தது; எடுத்துச் செல்வதற்குக் கடினமானது; முரசுகளும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எளிதில் அமிழ்ந்துவிடும். 1951 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர் பிரெசிஷன் பேஸ் என்னும் மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் கழுத்துப் பலகையில், வீணையில் இருப்பதைப் போன்றே, மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஆகவே சுரம் பிசகாமல் வாசிப்பது எளிதாயிற்று. 1960 இல் இரண்டு பிக்கப்புகள் பொருத்திய ஜாஸ் பேஸ் என்னும் வகை வெளிவந்தது. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தச்சுருள் ஆகும்.

இளமைக்காலம்

ஜாக்கோ பென்சில்வேனியா மாநிலத்தின் நோரிஸ்டவுன் நகரில் பிறந்தார். மூன்று சகோதரர்களுள் இவரே மூத்தவர். தந்தை முரசு வாசிப்பவரும் பாடகரும் ஆவார். இவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் புளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு அருகிலுள்ள ஓக்லண்ட் பார்க்கில் குடியேறியது.

தந்தையைப் பின்பற்றி இவரும் முதலில் முரசு வாசித்தார். பதின்ம வயதில் அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தின்போது மணிக்கட்டில் ஏற்பட்ட காயம் முரசு வாசிப்பதைக் கடினமாக்கியது. உள்ளூர்க் குழுவான லாஸ் ஓலாஸ் பிராஸில் பேஸ் கலைஞரின் இடம் காலியானபோது இவர் அந்தக் கருவிக்கு மாறினார். இசைப்பள்ளி எதிலும் முறையாகப் பயிலாமல் கேட்டும் வாசித்துமே இவர் கற்றுக்கொண்டார்.

டபிள் பேஸும் பழைய ஃபெண்டரும்

ஜாஸ் இசையில் நாட்டம் ஏற்பட்டபோது, அதன் மரபுக் கருவியான டபிள் பேஸ் ஒன்றைச் சேமிப்புப் பணத்தில் ஜாக்கோ வாங்கினார். அது அவரது வருமானத்திற்கு மிஞ்சிய செலவாகும். புளோரிடாவின் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். மெல்லிய மரப்பலகைகளை ஒட்டிச் செய்யப்படும் டபிள் பேஸ் இத்தகைய தட்பவெப்பத்தைத் தாங்குவது கடினம். ஒரு நாள் காலையில் பார்த்தபோது அந்தக் கருவி வெடித்துப் பிளந்திருந்தது. அதன் பின் மின் பேஸ் கிட்டாரிலேயே டபிள் பேஸின் குழைவான ஒலியை வரவழைக்க இவர் முனைந்தார்.

இதற்கு இவருக்குக் கிடைத்தது 1962 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அது மெட்டில்லாக் கருவியானது எவ்வாறு என்பது பற்றி இரு வேறு செய்திகள் உள்ளன; இரண்டும் ஜாக்கோ கூறியவையே. ஒன்றின்படி, வெண்ணெய் தடவும் கத்தியைக் கொண்டு மெட்டுகளைத் தாமே பெயர்த்தெடுத்தார். மற்றொன்றின்படி, மெட்டுகள் ஏற்கனவே நீக்கப்பட்டிருந்த அந்தக் கருவியை அடகுக்கடை ஒன்றில் 90 டாலருக்கு வாங்கினார். எது உண்மையாயினும், மெட்டுகள் இருந்த பள்ளங்கள் மரப்பசையால் நிரப்பப்பட்டன. அதன் மேல் படகுகளுக்குப் பூசப்படும் எப்பாக்சி பூச்சு பல அடுக்குகளாகப் பூசப்பட்டது.

இப்பூச்சுக்குக் காரணம் உண்டு. தெளிவான, கூர்மையான ஒலிக்காக ஜாக்கோ உருண்டைக் கம்பி சுற்றிய எஃகுத் தந்திகளைப் பயன்படுத்தினார். அவை மெட்டில்லாத மரப்பலகையை அரம்போல் அராவிவிடும். எப்பாக்சி மரத்தைக் காத்ததுடன், கண்ணாடி போன்ற கடினமான மேற்பரப்பைத் தந்து சுரம் நீண்டு ஒலிக்கவும் உதவியது.

மலிவான கருவி என்பதால் அது தரமற்ற கருவி என்று பொருளாகாது. அக்காலத்தில் பத்தாண்டு பழமையான ஃபெண்டர் வெறும் பயன்படுத்திய பொருளாகவே மதிக்கப்பட்டது. மெட்டுகள் நீக்கப்பட்ட கருவியை வாங்குவோர் குறைவு. கெட்டியான மரத்துண்டில் செய்யப்பட்ட அதன் உடல் ஈரக் காற்றில் பிளக்காது. பழுதானால் உதிரிப்பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். இரவுதோறும் மேடையேறும் கலைஞருக்கு இவையே இன்றியமையாத பண்புகள். ஜாக்கோவின் டபிள் பேஸுக்கு விலை இருந்தும் இப்பண்புகள் இல்லை.

மேடை அனுபவம்

இருபது வயதை ஒட்டிய காலத்தில் ஜாக்கோ கரீபியன் கடலில் செல்லும் சுற்றுலாக் கப்பல்களிலும் புளோரிடாவின் இரவு விடுதிகளிலும் வாசித்தார். 1972 இல் வெய்ன் காக்ரன் என்னும் பாடகரின் சி. சி. ரைடர்ஸ் குழுவில் சேர்ந்து, பேருந்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். ஊதுகருவிகள் நிறைந்த அந்தக் குழுவில் இசைக்கோவை எழுதவும் பழகினார். பின்னர் மயாமி பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பேஸ் கற்பித்தார். அங்கு கிட்டார் கலைஞர் பேட் மெத்தினியின் நட்பு கிடைத்தது. மெத்தினியின் முதல் இசைத்தொகுப்பான பிரைட் சைஸ் லைஃப் (1976) இல் பேஸ் வாசித்தவர் ஜாக்கோவே.

1976 இல் எபிக் நிறுவனம் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் பெயரிலேயே இவரது முதல் தனி இசைத்தொகுப்பை வெளியிட்டது. பாபி காலம்பி அதன் தயாரிப்பாளர். அதன் முதல் உருப்படியான டோனா லீ, சாக்சபோன் கலைஞர்கள் விரைவாக வாசிக்கும் ஒரு ஜாஸ் மெட்டாகும். அதைக் காங்கோ முரசின் துணையோடு மட்டும் பேஸ் கிட்டாரில் ஜாக்கோ வாசித்தார். போர்ட்ரெயிட் ஆஃப் டிரேசி என்னும் உருப்படியில், தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொடுவதால் எழும் மேற்சுரங்களைக் கொண்டே இன்னிசையை அமைத்தார். இவை எவற்றுக்கும் சிறப்புக் கருவி தேவைப்படவில்லை. எந்த ஒரு பேஸ் கிட்டாரிலும் இந்த மேற்சுரங்கள் உள்ளன. அவற்றைத் தேடிப் பயன்படுத்தியவர் முன்னர் அரிது.

வெதர் ரிப்போர்ட்

வெதர் ரிப்போர்ட் குழுவின் தலைவர்களுள் ஒருவரான ஜோ ஸாவினுலை மயாமியில் நடந்த ஒரு கச்சேரிக்குப் பின் ஜாக்கோ சந்தித்தார். ஜாக்கோ அனுப்பிய ஒலிநாடாவைக் கேட்ட ஸாவினுல், அதில் ஒலிப்பது டபிள் பேஸ் என்று கருதி, அவருக்கு மின் பேஸும் வாசிக்கத் தெரியுமா எனக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

பிளாக் மார்க்கெட் (1976) இசைத்தொகுப்பில் இரு உருப்படிகளில் வாசித்த ஜாக்கோ, அதன் பின் குழுவின் நிலையான உறுப்பினரானார். ஹெவி வெதர் (1977) பெரும் விற்பனையைக் கண்டது. அதிலுள்ள டீன் டவுன் ஜாக்கோ இயற்றியது. அதில் பேஸுடன் முரசையும் அவரே வாசித்தார். இதே காலத்தில் கனடாவைச் சேர்ந்த பாடகி ஜோனி மிட்செலின் ஹெஜிரா (1976) முதலிய இசைத்தொகுப்புகளிலும் வாசித்தார்.

ஒலியும் கருவிகளும்

ஜாக்கோவின் ஒலி பின்வருவனவற்றால் அமைந்தது.

- பாலத்திற்கு அருகிலுள்ள பின்பக்கப் பிக்கப்பையே பெரும்பாலும் பயன்படுத்தினார். வலக்கை விரல்களையும் அதன் அருகிலேயே வைத்து மீட்டினார்.
- மெட்டுகள் இல்லாததால், வயலின் கலைஞரைப் போன்று விரலை அசைத்துச் சுரத்திற்கு அசைவு கொடுத்தார்.
- மேடையில் அக்கூஸ்டிக் 360 என்னும் ஒலிபெருக்கித் தொகுதியைப் பயன்படுத்தினார். அதன் பெட்டியில் 18 அங்குல ஒலிபெருக்கி இருந்தது.
- தனி வாசிப்பின்போது எண்முறை எதிரொலிக் கருவியில் ஒரு சொற்றொடரைச் சுழலவிட்டு அதன் மேல் வாசித்தார்.

இவற்றுள் முதல் இரண்டும் கைப்பழக்கம் சார்ந்தவை. மெட்டில்லாக் கருவியில் விரல் மயிரிழை விலகினாலும் சுரம் பிசகும். எனவே கருவியின் விலை எதுவாயினும் செவியும் பயிற்சியும் இன்றி அதை மேடையில் வாசிக்க இயலாது. ஜாக்கோ தமது கருவியைப் போற்றிப் பாதுகாத்தவரும் அல்லர். கச்சேரியில் அதைத் தரையில் கிடத்தித் தோள்வாரால் அடித்து ஒலி எழுப்புவதும் அவரது வழக்கமாக இருந்தது.

நோயும் வீழ்ச்சியும்

1981 இல் வேர்ட் ஆஃப் மவுத் என்னும் தனி இசைத்தொகுப்பை வெளியிட்ட ஜாக்கோ, 1982 இல் வெதர் ரிப்போர்ட்டிலிருந்து விலகி அதே பெயரில் தம் பெருங்குழுவை நடத்தினார். ஆனால் மதுவும் போதைப்பொருளும் அவரது நடத்தையை மாற்றத் தொடங்கியிருந்தன. 1982 இல் அவருக்கு இருமுனையப் பிறழ்வு என்னும் மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது. மிகு களிப்பும் மிகு சோர்வும் மாறி மாறி வரும் இந்நோய்க்கு அவர் தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தங்கள் குறைந்தன. நியூயார்க்கில் வீடின்றிப் பூங்காக்களில் இரவைக் கழிக்கும் நிலைக்கு வந்தார். 1986 இல் அந்நகரின் பெல்வியூ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்.

அவரது ஜாஸ் பேஸும் இக்காலத்தில் பல துண்டுகளாக உடைந்தது. கைவினைஞர்கள் இருவர் அதை ஒட்டிச் சீர்செய்து கொடுத்தனர். அதன் பின் 1986 இல் மன்ஹாட்டனில் பூங்கா இருக்கை ஒன்றிலிருந்து அது திருடுபோயிற்று. ஜாக்கோ அதை மீண்டும் காணவில்லை.

மறைவு

1987 செப்டம்பர் 11 அன்று புளோரிடாவில் நடந்த சந்தானா குழுவின் கச்சேரியில் மேடையேற முயன்ற ஜாக்கோ வெளியேற்றப்பட்டார். பின்னர் வில்டன் மேனர்ஸ் நகரில் இரவு விடுதி ஒன்றுக்குள் நுழைய முயன்றபோது அதன் பணியாளர் ஒருவரால் கடுமையாகத் தாக்கப்பட்டார். நினைவு திரும்பாமலேயே செப்டம்பர் 21 அன்று ஃபோர்ட் லாடர்டேல் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. தாக்கியவர் கொலைக்குற்றம் அல்லாத மரணம் விளைவித்தமைக்காகத் தண்டிக்கப்பட்டு, சில மாதங்களே சிறையில் இருந்தார்.

கருவியின் பிற்கால வரலாறு

திருடுபோன ஜாஸ் பேஸ், பேஸ் ஆஃப் டூம் என்னும் பெயரால் அறியப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் கருவி சேகரிப்பாளர் ஒருவரிடம் அது இருப்பது தெரியவந்தது. குடும்பத்தினர் அதற்கு உரிமை கோரியதால் வழக்கு எழுந்தது. 2010 இல் மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவியதால் சமரசம் ஏற்பட்டது. குடும்பத்தினர் அதே விலைக்கு அதைத் திரும்பப் பெறலாம் என்பது அப்போதைய உடன்பாடு ஆகும்.

இதற்கிடையே 1999 இல் ஃபெண்டர் நிறுவனம் ஜாக்கோவின் பெயரில் மெட்டில்லா ஜாஸ் பேஸ் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உயர்விலைப் பதிப்பில் மூலக்கருவியின் தேய்மானமும் வண்ணம் உரிந்த இடங்களும் வேண்டுமென்றே உருவாக்கப்பட்டன. 90 டாலர் கருவியின் கீறல்களைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவிட வாங்குவோர் முன்வந்தனர். ஆனால் ஜாக்கோவின் ஒலி உருவானது, அக்கருவிக்கு மதிப்பு ஏதும் இல்லாதிருந்த காலத்திலாகும்.

தாக்கம்

1988 இல் டவுன்பீட் இதழின் புகழ்மண்டபத்தில் ஜாக்கோ சேர்க்கப்பட்டார். 2008 இல் ஓக்லண்ட் பார்க்கில் ஒரு பூங்காவுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2014 இல் ஜாக்கோ என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. ட்ருஹியோ அதன் தயாரிப்பாளர்களுள் ஒருவர். ஜாக்கோவின் மகன்களுள் ஒருவரான பீலிக்ஸ் பாஸ்டோரியஸும் பேஸ் கலைஞர் ஆவார்.

முக்கிய இசைத்தொகுப்புகள்

- ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1976)
- ஹெவி வெதர் – வெதர் ரிப்போர்ட் குழுவுடன் (1977)
- வேர்ட் ஆஃப் மவுத் (1981)
- இன்விடேஷன் – நேரடிக் கச்சேரிப் பதிவு (1983)
- தி பர்த்டே கான்சர்ட் – 1981 டிசம்பர் 1 அன்று பதிவு செய்யப்பட்ட பிறந்தநாள் கச்சேரி (வெளியீடு 1995)